கோ மணி அடைத்த தேங்காய்

மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓர் இங்கிலீஷ் தொடர். சில்லறைத் திருடர்கள் சிலர் எதைத் திருடப் போனாலும் சொதப்பிவிட்டு அசட்டு முழி முழிக்கிறார்கள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுக்களையில் மருமகள் தேங்காய் உடைத்த சத்தம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உங்களிடம் சொன்னால் என்ன?

ரங்கூனில், தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் இருந்தவர் கோ மணி. மணிதான் பெயர், பர்மாக்காரர்கள் மரியாதைக்குப் போடும் ‘கோ’ எப்படியோ முன்னால் ஒட்டிக்கொண்டது. தொழிலில் மரியாதை கிடையாது. பஸ்ஸில் குடை, கல்யாண வீட்டில் புதுச் செருப்பு, குமாஸ்தாக்களின் சட்டைப்பையில் பேனா. என் பேனாவையும் ஒருமுறை எடுத்து, நிப் சரியில்லை என்று திருப்பித் தந்திருக்கிறார். அம்மா அவரை வாய் ஓயாமல் திட்டுவாள், திட்டிக்கொண்டே டீயும் கொடுப்பாள்.

அறுபதுகளின் நடுவில் கடைகளெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போக, எங்கள் ஜனங்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். அப்பா முன்னாலேயே சென்னை போய்விட்டார். துறைமுகத்தில் தாலியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பேச்சு. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வழி சொன்னவர் கோ மணி. தேங்காயின் கண்ணைக் குடைந்து, தண்ணீரை வடித்து, தாலிக்காகக் கையை நீட்டினார்.

“அக்கா, ஊர்ல எதை வேணா எடுப்பேன். இதத் தொடத்தான் மனசு வரல.”

உள்ளே தள்ளி, மெழுகால் அடைத்து, குடுமியை இழுத்து மூடினார். அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. பையில் இரண்டு தேங்காய்: ஒன்று புறப்படும்போது சாமிக்கு உடைக்க, மற்றது ஊருக்கு.

சோதனையில் தேங்காய்களை யாரும் சீண்டவில்லை. அதோடு பேசாமல் ஏறியிருக்கலாம். அம்மா சிதறுகாய் போடச் சொன்னாள். பை என் கையில். ஆபீஸில் தபால் வகை பிரித்தே சம்பளம் வாங்கியவன் நான். இரண்டே தேங்காயில் தப்பானதை எடுத்து ஓங்கிப் போட்டேன். தண்ணீர் தெறிக்கவில்லை. சுங்க அதிகாரியின் பூட்ஸ் பக்கத்தில் தாலி கிடந்தது.

யாருடையது என்று கேட்டார். அம்மாவின் உதடு அசைந்தது. ஒப்புக்கொண்டால் கப்பல் இல்லை, அப்பாவிடம் போவதும் இல்லை. அதற்குள் வழியனுப்ப வந்திருந்த கோ மணி முன்னால் வந்தார். தான் திருடிய தாலி அது, இவர்கள் பையில் ஒளித்துவைத்தது இவர்களுக்கே தெரியாது என்று பர்மியில் சொன்னார். அங்கிருந்த போலீஸ்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும், நம்பக் கஷ்டமில்லை.

“தம்பி, அம்மாவக் கூட்டிக்கிட்டு ஏறு,” என்றார் என்னிடம். “திரும்பிப் பாக்காத.”

ஏறினேன். அவர் சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்னையில் அப்பா புதுத் தாலி செய்கிறேன் என்றபோதெல்லாம் அம்மா மறுத்துவிட்டாள். கடைசிவரை மஞ்சள் கயிறுதான். கோ மணிக்கு நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. திருடாத ஒன்றுக்காக அவர் எத்தனை நாள் உள்ளே இருந்தாரோ. அந்தக் கப்பல் இல்லை, அம்மாவும் இல்லை. மெழுகு ஒட்டிய அவர் விரல்கள் நினைவில் இருக்கின்றன. முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் வருவதில்லை. அன்று திரும்பிப் பார்த்திருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்கும்.