வெயிலில் கிடந்த குழாய்

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவரிடம் ஒரு மணியும் ஒரு தீர்ப்பும் இருக்கும். இரண்டையும் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விடலாம். சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. ஏழாம் வகுப்பு முதல் கல்லூரி மூன்றாம் ஆண்டு வரை பேசிப் பேசி நான் வாங்கிய கேடயங்கள், எங்கள் வீட்டு டி.வி. அலமாரியில் இடம் போதாமல் பீரோவின் மேல் ஏறியிருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. கேடயம் தராத ஒரு பேச்சைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதிலும் நான்தான் வென்றேன்.

இதை எழுதலாமா என்று என் நண்பனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். மூன்று நாள் நீல டிக் மட்டும் இருந்தது. நான்காம் நாள், "எழுதிக்கோ. யார் பேரும் போடாத" என்று வந்தது. அதனால் இதில் பெயர்கள் இல்லை.

அவனுடைய அத்தா, அதாவது அப்பா, தஞ்சாவூரில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கும் கடை வைத்திருக்கிறார். துபாயில் வேலை பார்க்கும் அவன் மாமா ஒரு முறை ஊருக்கு வந்தபோது முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். எல்லாம் அந்தக் காரில் தொடங்கியது. அதை அவன் நேராக ஓட்டியதே இல்லை, டிரிஃப்ட் செய்வான். வளைவில் சக்கரங்களை வழுக்கவிட்டு, காரைப் பக்கவாட்டில் சறுக்கியபடியே, கோட்டை விட்டு விலகாமல் கொண்டுபோவதற்குப் பெயர் டிரிஃப்ட். ரப்பர் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். டிரிஃப்டுக்குப் பிடிக்காத டயர் வேண்டும். அதற்கென்றே கெட்டி பிளாஸ்டிக் டயர்கள் கடையில் கிடைக்கும். ஆனால் மாமா கொண்டுவந்த காரின் சக்கரம் ஏதோ தனி அளவு; எந்த செட்டும் அதில் உட்காரவில்லை. இரண்டு முறை ஆன்லைனில் வரவழைத்துத் திருப்பி அனுப்பினான். பிறகு அத்தாவின் கடைக்குள்ளேயே தேட ஆரம்பித்தான்.

அவன் டயர் செய்யும் முறையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரெண்டு இஞ்சுக் குழாயைச் சுற்றிக் காலண்டர் தாளைப் பட்டையாக இறுக்கி, அதன் ஓரத்தைப் பிடித்துக் கோடு போடுவான். கோணாத கோடு அப்படித்தான் கிடைக்கும். கோட்டின் மேல் ஆக்சா பிளேடால் அறுத்து நான்கு வளையங்கள் எடுப்பான். ஓரங்களை உப்புத்தாளில் தேய்ப்பான். கூரான ஓரம் தரையின் கீறலில் மாட்டிக் காரைக் கவிழ்த்துவிடும். சக்கரத்தின் மேல் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, கொதிக்கும் நீரில் இளகிய வளையத்தை இடுக்கியால் எடுத்து, துணி சுற்றிய உள்ளங்கையால் ஒரே அழுத்தில் ஏற்றுவான். ஆறியதும் அது சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

கொதிநீரில் வளையம் கிடக்கும் விநாடிகளை எண்ணுவது மட்டும் என் வேலை.

"எண்ணச் சொன்னா சொற்பொழிவு ஆத்துறான் பாரு" என்பான். "இருபதுன்னா இருபதுன்னு சொல்லு மாப்ள. ஏத்தி எறக்கிச் சொல்லாத, வளையம் கொழஞ்சிரும்."

அந்த வேலையில் ஒரு ரகசியம் இருந்தது. அதையும் அவன் என்னிடம் மட்டும் சொன்னான். புதுக் குழாயில் செய்த டயர் ஓரிடத்தில் வழுக்கும், ஓரிடத்தில் பிடிக்கும். கடையின் மொட்டை மாடியில், எவரோ திருப்பிக் கொடுத்த நாலைந்து குழாய்கள் வருடக்கணக்காக வெயிலில் கிடந்து வெளுத்திருந்தன. அவற்றில் செய்த டயர் எல்லா இடத்திலும் ஒரே சீராக வழுக்கியது. எட்டு வகைக் குழாய்களை அறுத்துப் பார்த்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தான். "யார்ட்டயும் சொல்லாத" என்றான். "நான் எவன்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

ஊருக்கு வெளியே ஓர் அரிசி ஆலை. டிரையர் மெஷின் வந்த பிறகு நெல் காயாமல் கிடந்த அதன் சிமெண்டுக் களத்தில், ஞாயிறு காலைகளில் பன்னிரண்டு பேர் கார் ஓட்டினோம். ஆலைக்காரரின் மகன்தான் எங்கள் குழுவுக்குத் தலைமை. எல்லோருக்கும் அவர் அண்ணன். களத்தின் நான்கு மூலைகளையும் என் நண்பன் ஒரே சறுக்கலில் வளைப்பான். மற்றவர்கள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். சென்னையில் நடக்கவிருந்த போட்டிக்குக் குழுவிலிருந்து இருவர் போவதாக முடிவானபோது, முதல் ஆள் யார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் ஒரு விதியைச் சொன்னார்: இனிமேல் கடை டயர் மட்டும்தான். அவன் காருக்குக் கடை டயர் கிடையாது. ஆகவே அந்த விதிக்கு ஒரே பொருள்: அவன் சென்னைக்குப் போக முடியாது.

அவன் என்னிடம் வந்தான். "எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்புல வராது. நீ வந்து பேசுடா" என்றான்.

போனேன். இஸ்திரி போட்ட சட்டையுடன் போனேன் என்பதையும் சாட்சி குறித்துக்கொள்ளட்டும்.

பண்டிகை நாளில் பட்டிமன்றம் ஓடாத வீடு எங்கள் பக்கத்தில் அரிது. தகராறு என்றாலும் அதை இரண்டு அணியாக உட்கார வைத்து ரசிப்போம். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கும் அதே ஆசை வந்தது.

"நம்மகிட்ட பேச்சாளரே இருக்காரு. பட்டிமன்றமா வச்சிருவோம். காசு சுண்டுறேன். தலை விழுந்தா தம்பி பைப் டயருக்குப் பேசட்டும், பூ விழுந்தா கடை டயருக்கு. அப்ப எதிரணிக்கு டயரு செஞ்சவனே பேசட்டும்; தலைன்னா நான் பேசுறேன். அப்புறம் கை தூக்கி முடிவு பண்ணிக்கலாம்."

பூ விழுந்தது.

நண்பன் சிரித்துவிட்டான். "அட வுடு மாப்ள. பட்டிமன்றமெல்லாம் வேணாம். நானே அண்ணன்ட்ட சொல்லிக்கிறேன், நீ சும்மா பக்கத்துல நில்லு."

அவன் எனக்குத் திறந்து வைத்த கதவு அது. களத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். "பூ விழுந்தா என்ன? எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவேன்" என்றேன்.

முதலில் அவன் பேசினான். "நானே செஞ்சேன். நல்லா ஓடுது. வேற டயர் சேரல. அவ்ளோதான்" என்று முடித்துக்கொண்டான்.

பிறகு நான். போட்டி என்பது கையின் திறமையை அளப்பது, டயரின் தந்திரத்தை அளப்பதல்ல என்று தொடங்கினேன். எல்லோர் காலிலும் ஒரே செருப்பு இருந்தால்தான் ஓட்டத்தில் யார் வேகமென்று தெரியும் என்றேன். சிரித்தார்கள், தலையாட்டினார்கள். ஆனால் யாரும் இன்னும் அசைந்துவிடவில்லை. கூட்டம் எந்த இடத்தில் அசையும் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஓர் ஆதாரத்தை வைக்க வேண்டும். என்னிடம் ஓர் ஆதாரம் இருந்தது.

"இது வெறும் குழாய் என்றா நினைத்தீர்கள்? மொட்டை மாடியில் வருடக்கணக்காக வெயிலில் காய்ந்த குழாய்! எட்டு வகை அறுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த குழாய்! இது உங்களில் எவரிடமாவது உண்டா? இதுவா சமமான போட்டி?"

களமே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது; அதை மறைத்து இங்கே நல்லவனாக நிற்க விரும்பவில்லை.

"உண்மையாடா? வெயில் பைப்பா?" என்று அண்ணன் அவனைக் கேட்டார்.

"ஆமாண்ணே."

ஒன்பது கைகள் கடை டயருக்கு உயர்ந்தன. அவன் அங்கேயே குந்தி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, நான்கு வளையங்களையும் கழற்றினான். எழுந்து வந்து என் கையில் வைத்தான்.

"நீ என் பக்கம்னு நெனச்சேன்" என்றான். "வச்சுக்க. எப்படிச் செய்யறதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

மொட்டைச் சக்கரங்களோடு காரை வண்டியின் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் அவன் களத்துக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்லூரியில் காசு சுண்டினார்கள். பேசினேன், வென்றேன், கேடயம் பீரோ மேல் ஏறியது. சென்னைக்குப் போன இருவர் முதல் சுற்றிலேயே திரும்பினார்கள். அங்கே பைப் வளையம் மாட்டி ஓட்டியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்களாம், யாரும் தடுக்கவில்லையாம். அண்ணன் அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதிவிட்டிருந்தார்.

அதைப் படித்த அன்று வளையங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சம்பா நடவு நேரம், கடையில் கூட்டம். அவனுடைய அத்தாவுக்கு எதுவும் தெரியாது. "என்னப்பா, ஆளையே காணோம்? டீ சொல்லவா?" என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லுங்க சார், என்ன வேணும்?"

வளையங்களைக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். அவன் தொடவில்லை. முழங்கால் வரை சேறோடு எல்போ வாங்க வந்திருந்த ஒருவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, கப்ளிங்கா? என்ன சைஸு?"

"இல்லண்ணே, அது வேஸ்ட்டு" என்றான் நண்பன்.

வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த பேச்சை எடுத்தேன். நட்பு என்னும் சொல்லைத் தாண்டுவதற்குள் அவன் குறுக்கிட்டான்.

"முன்னுரையெல்லாம் வேணாம். கஸ்டமர் நிக்கிறாங்க. விஷயத்தச் சொல்லு."

மணி இல்லை, மைக் இல்லை. அத்தாவும் அந்த விவசாயியும் கேட்டுக்கொண்டிருக்க, என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் வந்தது.

"காசு சுண்டி விழுற பக்கம் இனிமே நான் பேச மாட்டேன்டா. நீ சொன்ன எதையும் உன்னக் கேக்காம எங்கயும் சொல்ல மாட்டேன். பேசக் கூப்பிட்டவன் பக்கம் பேசுவேன். முடியலன்னா வாய மூடிக்கிட்டு அவன் பக்கத்துல நிப்பேன்."