பெட்டியோடு வந்த சப்ளை

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அத்தையோடுதான். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணத்தில் கட்டில், பீரோவோடு சீர்வரிசையாக அரியலூர் போன கம்ப்யூட்டர், சில வருடங்கள் கழித்து அத்தை எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குத் திரும்பியபோது கூடவே வந்து இறங்கியது. கட்டிலும் பீரோவும் வரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு பீரோவில் என்ன விளையாட்டு இருக்கிறது?

"அங்க வூட்டுல வேலை நடக்குது. கொஞ்ச நாளைக்கு இங்க இருப்பாங்க" என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. அத்தையைத் திரும்ப அனுப்பிவைக்கும் பேச்சு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. ஒரு ஞாயிறு அத்தையின் மாமனார் துணைக்கு ஒரு உறவினரை அழைத்துக்கொண்டு வருவார்; மாமா வந்ததே இல்லை. மறு ஞாயிறு அப்பா பெரம்பலூர் போய் அரியலூர் பஸ் ஏறுவார். சிமெண்ட் லாரிகளின் புழுதியைச் சட்டையில் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவார். "என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்பாள். "பேசிக்கலாம்னாங்க" என்பார். இதையே அவர்களும் அங்கே போய்ச் சொல்லியிருப்பார்கள். இரண்டு வீட்டாருமே அலுத்துப்போயிருந்தார்கள். ஆனால் யார் முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

அத்தை அந்தப் பேச்சுகளில் உட்கார்ந்ததில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய் வேலையைத் தொடர்வாள். பெரம்பலூர் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமனார் கிளம்பும்போது உள்ளறையை எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்பார். சினை மாட்டை விசாரிப்பது மாதிரி இருக்கும். அத்தை எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஸ்டூடியோக்காரர் வீடியோ மிக்சிங்கும் செய்து கொடுத்தால் வருடம் முழுக்க வேலை தருவதாகச் சொன்னார். அதற்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா, தான் புதிது வாங்கியதும் பழைய கார்டைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்தார். வீட்டில் அதிகம் குதித்தது நான்தான். அந்தக் கார்டு போட்டால் கார் ரேஸ் விளையாடலாம் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்ததும் சிக்கல் தெரிந்தது. கார்டுக்குத் தனியாகக் கரண்ட் ஒயர் வேண்டும். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை, பெட்டியோடு வந்தது; அதில் அந்த ஒயரே இல்லை. அத்தை டார்ச் அடித்து உள்ளே ஒட்டியிருந்ததைப் படித்தாள்.

"கார்டு அட்டையில நானூத்தம்பது வாட்ஸ் கேக்குறான். இதுல எரநூத்தம்பதுதான்டா இருக்கு."

"கம்பெனி போட்டு அனுப்புன ஒரிஜினல் சப்ளைதான்க்கா. தாங்கும்" என்றார் சித்தப்பா. வேறொரு இணைப்பு ஒயரை மாட்டிச் சமாளித்தார். கம்ப்யூட்டர் ஓடியது. அவர் வெற்றியோடு சென்னைக்குப் பஸ் ஏறினார்.

ஆல்பம் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடியோவைச் சேர்த்து ஓடவிட்டால் பாதியில் டப்பென்று அணைந்துவிடும். என் காரும் முதல் வளைவைத் தாண்டாது. அத்தை திரும்பப் போட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குவாள். மறுபடியும் அணையும். சில சமயம் கீபோர்டைத் தள்ளிவிட்டு மேஜையில் தலையை வைத்துக்கொள்வாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் காத்திருப்பேன், எழுந்ததும் விளையாடக் கேட்கலாமே என்று.

அப்பா மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். போர் மோட்டாரைத் தெரிந்த அளவுக்கு அவருக்கு எந்த மிஷினும் தெரியாது. எல்லா மிஷினையும் அதை வைத்தே கணிப்பார். "வோல்டேஜ் இல்ல. காட்டுக்கு த்ரீ பேஸ் வுடுற நேரம் பாத்து நிக்குது பாரு" என்றார். த்ரீ பேஸ் இல்லாத நேரத்திலும் நின்றது. அதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. கடைசியில் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்றை டூவீலரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அது நன்றாக உறுமியது. கம்ப்யூட்டர் பழையபடியே நின்றது.

"லைன்ல ஒண்ணும் இல்லண்ணே. உள்ள இருக்கற சப்ளைக்கு அவ்வளவுதான் தெம்பு. மாத்திப்புடலாம்" என்றாள் அத்தை.

"அதுல கை வெக்காத பாப்பா" என்றார் அப்பா. "கார்டுன்னா கழட்டிக்கலாம். ஸ்டெபிலைசரு வெளியில கெடக்குது. சப்ளை அப்புடி இல்ல. நாளைக்கு அங்க போறப்ப எப்புடி வந்துச்சோ அப்புடியே போவணும். உள்ள இருந்தத உருவிட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

அத்தை பெட்டியின் மூடியைத் திரும்ப மாட்டினாள். எனக்கோ அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. அதோடு புதுப் பயமும் பிடித்துக்கொண்டது. அத்தை போனால் கம்ப்யூட்டரும் போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையின் மாமனாரைக் கண்டாலே நான் உள்ளறைக்கு ஓடிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொள்வேன். அத்தைக்காக அல்ல, என் காருக்காக.

ஒரு சனிக்கிழமை. மறுநாள் அரியலூரிலிருந்து அவர்கள் வரும் முறை. ஸ்டூடியோக்காரர் ஒரு கல்யாண வீடியோவைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சிங்கப்பூர் கிளம்புகிறாராம். காலையிலிருந்து அணைந்து அணைந்து எரிந்த கம்ப்யூட்டர், மத்தியானம் முக்கால்வாசி ஓடிவிட்டு நின்றது. அத்தை இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை. முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்து ஒயர்களைப் பிடுங்கினாள்.

"பெரம்பலூர் போறேன். வரியா?"

அப்பா காட்டில் இருந்தார். அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். "அண்ணன் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமில்ல?"

"கேட்டாச்சு அண்ணி" என்றாள் அத்தை.

அம்மா என் சடையைச் சரிசெய்து என்னையும் கூட அனுப்பினாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கடை. கடைக்காரர் புது சப்ளையை மாட்டி, வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார். நிற்கவில்லை. கழற்றிய பழையதை ஒரு துணியால் துடைத்தார்.

"இத கவர்ல போட்டுத் தரேங்க்கா. ரிப்பேர் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்குது. வேணும்னா எப்ப வேணா திரும்ப மாட்டிக்கலாம்."

அத்தை அதைக் கையில் வாங்கினாள். தூசி படிந்த காற்றாடியை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டாள். பிறகு கவுண்டர் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"வேணாங்க. நீங்களே வச்சுக்கங்க."

பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக ஒரு சுமை குறைந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அத்தை திரும்பும்போது எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். வேப்பந்தட்டை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அத்தனை நாள் களைப்பு ஒரு ஆளிடம் சேர்ந்தால் எப்படிக் கனக்கும் என்பது, வேலைக்குப் போய் பஸ்ஸில் தூங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தோள் வலிக்கிறதே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் அப்பா காட்டிலிருந்து வந்தபோது, அத்தை வீடியோவை முடித்துவிட்டு எனக்கு விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள். கார் முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. அப்பா திறந்து கிடந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"பழசு எங்க?"

"கடையிலயே குடுத்துட்டேண்ணே."

"திரும்ப வாங்கிக்கலாமா?"

"வேணாம்ணே."

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா டீ டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அப்பா தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு அவுங்கள வர வேணாம்னு போன் போட்டுச் சொல்லிப்புடுறேன்" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டேன். "அத்தை, நீங்க அரியலூர் போறப்ப இந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

கார் போடுகிற இரைச்சலில் அவர்களுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு, மறுபடியும் அதையே கேட்டேன்.