மதகில் கட்டாத சிவப்புத் துணி

முந்தல் என்ற ஊரில் சிறு தொழில் வகுப்பு ஒன்று நடக்கிறது. போன மாதம் என்னையும் அங்கே பேசக் கூப்பிட்டார்கள். இறால் வளர்ப்பில் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் என்று அறிமுகம் செய்தார்கள். உண்மைதான். ஆனால் அதில் ஒரே ஒரு போகம்தான் என் சொந்தத் தொழில் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அரை மணித்தியாலம் பேசினேன். இறால் குஞ்சு எடுக்கும்போது, நோய் இல்லை என்று காட்டும் பிசிஆர் ரிப்போர்ட் இல்லாமல் எடுக்காதீர்கள் என்றேன். தீன் தட்டைத் தூக்கிப் பார்க்காமல் அடுத்த வேளைத் தீன் போடாதீர்கள், வாங்குகிற ஆள் ஒருவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்றேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள், கைதட்டினார்கள். வெளியே வந்து தேத்தண்ணீர் குடித்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வகுப்பை நடத்தும் மிஸ், "பேசினத அப்பிடியே எழுதித் தாங்க சேர், அச்சடிச்சுப் பிள்ளைகளுக்குக் குடுப்பம்" என்றார். அன்றைக்குப் பேசாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன். அச்சடிப்பதும் விடுவதும் மிஸ்ஸின் விருப்பம்.

1. சம்பளக்காரனாக இருந்தபோது

என் ஊர் தில்லையடி. பத்தொன்பது வருடம் மற்றவர்களின் பண்ணையில் டெக்னீஷியனாக இருந்தேன். தண்ணீரின் உப்பைப் பார்ப்பது, தீன் அளப்பது, நோயைக் கண்டுபிடிப்பது எல்லாம் என் வேலை. இறால் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பண்ணைகளுக்கு ஒரு கால்வாய்தான். எல்லோரும் அதிலிருந்துதான் பம்ப் போட்டுக் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கிறோம். குளத்துத் தண்ணீரை மதகைத் திறந்து அதே கால்வாய்க்குள்தான் விடுகிறோம். குடிப்பதும் கழுவி ஊற்றுவதும் ஒரே இடத்தில்.

இறாலுக்கு வெள்ளைப் புள்ளி என்று ஒரு நோய் வரும். உடம்பு சிவக்கும், தலை ஓட்டில் புள்ளி விழும். தின்கிற மனிதருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் குளத்துக்குள் புகுந்தால் சில நாளிலேயே குளம் முழுக்கச் செத்து மிதக்கும். தண்ணீர் போகும் இடமெல்லாம் நோயும் போகும்.

அதனால் எங்கள் கால்வாயில் ஒரு வழக்கம் இருக்கிறது. நோயைக் கண்டவர் அந்த நிமிடமே தன் மதகுக் கம்பத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். மதகைத் திறக்கக் கூடாது. இறாலை வீச்சு வலையால்தான் பிடிக்க வேண்டும். மிச்சத் தண்ணீருக்குக் குளோரின் போட்டு நாள் கணக்கில் அடைத்து வைக்க வேண்டும். துணியைக் கண்டதும் மற்றவர்கள் பம்பை நிறுத்திவிடுவார்கள். கட்டாவிட்டால் பொலிஸ் வராது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கால்வாயோரம் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாது.

என் கையாலேயே எத்தனையோ துணி கட்டியிருக்கிறேன். முதலாளிமார் இழுத்தடிப்பார்கள். துணியைக் கண்டால் வாங்க வருகிறவர்கள் விலையைப் பாதியாக்கிவிடுவார்கள் என்ற பயம். "கட்டுங்க ஹாஜியார், பக்கத்துக் குளத்துக்காரன் பாவமில்லையா?" என்று நானே அவர்களை அதட்டுவேன். எனக்கென்ன, மாதம் முடிந்தால் சம்பளம் வந்துவிடும். மற்றவன் குளத்தில் துணி கட்டுவது எனக்கு லேசாகத்தான் இருந்தது.

2. கொக்குகள்

நாற்பத்தெட்டு வயதில் எனக்கும் முதலாளி ஆசை வந்தது. ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். வேலையை விடும்போது பழைய முதலாளி, "எல்லாம் தெரியும் எண்டுதான் போற, போய்ப் பாரு றமீஸ்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதிலேயே கிடந்தது.

பக்கத்துக் குளம் செல்வத்துடையது. உடப்பு ஊர்க்காரன், என்னை விடப் பதினைந்து வயது இளையவன், அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். சவூதியில் நான்கு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்தவன். திரும்பி வந்த அன்று நான்கு வயது மகள் அவனைப் பார்த்து, "அம்மா, இந்த மாமா யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வான், ஆனால் கண் கலங்கியிருக்கும். "இந்தப் போகம் மட்டும் கைகுடுத்தா நானா, இனிச் சவூதிப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டன்" என்பான். இறால் வளர்ப்பில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். என்னைக் கேட்காமல் ஒரு பை சுண்ணாம்புகூடப் போட மாட்டான்.

குஞ்சு விட்டு எண்பதாவது நாள். விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டுக் குளத்துக்குப் போனேன். கரையோரம் முழுக்கக் கொக்கு நின்றது. நல்ல இறால் கரைக்கு வராது, ஆழத்தில்தான் கிடக்கும். இறால் கரைக்கு வந்தால்தான் கொக்கும் வரும். தீன் தட்டைத் தூக்கினேன். முதல் நாள் போட்ட தீன் அப்படியே இருந்தது. கரையில் மெதுவாக நீந்திய ஒன்றைப் பிடித்துத் தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது. இன்னும் நாலு இறாலைப் பிடித்துப் பார்த்தேன், அவற்றிலும் இருந்தது.

துணி என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பழைய வேலையில் கிடைத்த பழக்கம், எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். அதை வெளியே எடுத்தேன். மதகுக் கம்பம் வரைக்கும் நடந்தேன். வீச்சு வலையால் பிடித்தால் இரண்டு நாள் ஆகும், அதற்குள் பாதி செத்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. மதகைத் திறந்து வலை கட்டினால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். துணியை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

சிலாபத்தில் இறால் வாங்கும் சுனில் முதலாளிக்கு போன் எடுத்தேன்.

"ஒண்டு எத்தன கிராம்?" என்றார்.

"பதினாறு."

"ஏன் இப்பவே புடிக்கிற? கால்வாய்ல செவப்புத் துணி இருக்கா?"

"இல்ல முதலாளி."

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அப்ப பத்து மணிக்கு லொறியோட வாறன்."

நான் சொன்னது பொய்யும் இல்லை. கால்வாயில் துணி இல்லைதான். கட்ட வேண்டியவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

3. "ஓம், போடு"

மதகைத் திறந்தேன். தண்ணீர் இரைச்சலோடு கால்வாய்க்குள் பாய்ந்தது. சத்தம் கேட்டுச் செல்வம் வந்துவிட்டான்.

"என்ன நானா, இன்னும் நாப்பது நாள் கிடக்கே, என்ன அவசரம்?"

"சின்ன சைஸுக்கு இப்ப நல்ல விலை தம்பி."

நம்பினான். நம்பியது மட்டுமில்லை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலை பிடிக்க இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினான். கூலிக்கு வந்த மூன்று பேரை விட அவன்தான் அதிகம் பாடுபட்டான். பெட்டியில் இறாலை அள்ளும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"இது ஏன் நானா சிவந்து கிடக்கு?"

"வெயில். தண்ணி சூடாகினா அப்பிடித்தான்."

தலையை ஆட்டினான். புதிதாக ஒன்றைப் படித்துக்கொண்ட ஆளின் தலையாட்டல் அது.

சுனில் முதலாளி தராசுக்குப் பக்கத்தில் நின்று ஐஸ் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வம் கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"நானா, என்ட குளத்துல தண்ணி நல்லா இறங்கிட்டு. பின்னேரம் பம்ப் போடலாமா? கால்வாய் எப்பிடி?"

போடாதே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் சுனிலுக்குக் கேட்கும். பத்து அடி தூரம்கூட இல்லை.

"ஓம், போடு" என்றேன்.

லொறி ஒரு மணிக்கு முன்னரே போய்விட்டது. இனிச் சொல்லலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். சொன்னால், காலையில் சொன்ன எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். சைஸ், விலை, வெயில் எல்லாம் பொய் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். நோய் எல்லா நேரமும் பரவுவதில்லையே, கால்வாய்த் தண்ணீர் கலைந்து போய்விடுமே என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். பத்தொன்பது வருடம் இதே சாட்டுச் சொன்ன முதலாளிமாரைத் திட்டியவன் நான். மத்தியான லுஹர் தொழ நின்றபோது செல்வத்தின் பம்ப் தொடங்கும் சத்தம் கேட்டது. தொழுதேன். என்ன ஓதினேன் என்று தெரியாது. பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் அந்தப் பம்ப் நிற்கவே இல்லை.

4. செல்வத்தின் துணி

ஆறாம் நாள் காலை. நான் காலிக் குளத்தில் சேறு காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கரை வழியாகச் செல்வம் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தான். எதற்கு ஓடி வருகிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என் சட்டையைப் பிடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அப்படிப் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"நானா, மதக அடைங்க! என்ட குளத்துக்கு வெள்ளைப் புள்ளி வந்துட்டு. ஒங்களுக்கு வரப்படாது!"

அவனுடைய மதகுக் கம்பத்தைப் பார்த்தேன். சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. மகளின் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை தைக்க வாங்கி வைத்திருந்த துணி. கால்வாய்க்காரர்களின் வட்சப் குழுவிலும் அதற்குள் போட்டுவிட்டிருந்தான்.

"என்ட குளம் காலிதானே தம்பி" என்றேன்.

"காலி எண்டாலும் கால்வாய்த் தண்ணி மண்ணுல படப்படாது, நோய் அடுத்த போகத்துக்கும் விடாது எண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

இருவருமாக மதகுப் பலகையைத் தூக்கினோம். பலகை என் கையிலிருந்து நழுவியது. "விடுங்க நானா, நான் போடுறன்" என்று அவனே எல்லாப் பலகையையும் இறக்கினான். இடுக்கில் சேறு வைத்து அடைத்தான். நோயைக் கொடுத்தவனின் காலிக் குளத்துக்கு நோய் வந்துவிடாமல் காவல் செய்துவிட்டு, கரையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"ஒங்கட இறால் நேரத்தோட போனது எவ்வளவு நல்லம் நானா" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் மதகைத் திறக்கவில்லை. இரண்டு நாள் வீச்சு வலை போட்டான். பாதிக்கு மேல் செத்த இறால்தான் வந்தது. சுனில் முதலாளி துணியைக் கண்டு லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மிச்சத் தண்ணீரைக் குளோரின் போட்டு அடைத்து வைத்தான். நான் திறந்துவிட்ட அன்று கால்வாயில் பம்ப் போட்டவன் அவன் மட்டும்தான்; அவனுக்குக் கீழே இருந்த எல்லாக் குளமும் தப்பியது. பண்ணைக்காரர் சங்கக் கூட்டத்தில், செல்வத்தால்தான் தப்பினோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு எழுந்தபோது அனுபவசாலி என்று என்னைத்தான் கேட்டார்கள். "குஞ்சுல வந்திருக்கலாம்" என்றேன். அதையும் நம்பினார்கள்.

மூன்று மாதத்தில் செல்வம் சவூதிக்குப் போய்விட்டான். அவன் வேனில் ஏறும்போது மகள் அழவில்லை. அப்பா போறார், அப்பா போறார் என்று அயல் வீடுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றாள். இந்த முறை ஆளை அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சம்பளத்துக்குப் போனேன். சொந்தமாகக் குளம் வைத்திருக்கத் தகுதியில்லை என்று எனக்கே பட்டது. அது இன்றைக்கும் மாறவில்லை.

5. பிள்ளைகளுக்கு

மிஸ் கேட்ட பாடத்துக்கு வருகிறேன். தொழில் தொடங்குமுன் சந்தை, முதல், இயந்திரம் எல்லாம் பாருங்கள். அதோடு உங்கள் கழிவுத் தண்ணீர் யார் வாசலால் போகிறது என்றும் பாருங்கள். நட்டம் வருகிற காலையில் நேர்மையாக நடப்பேன் என்று உங்களை நீங்கள் நம்பிவிடாதீர்கள். நான் நம்பியிருந்தேன். பத்தொன்பது வருடம் மற்றவனுக்குப் புத்தி சொன்ன வாய், முதல் சோதனையிலேயே பொய் சொன்னது. குஞ்சு விடுகிற அன்றைக்கே சிவப்புத் துணியை வாங்கிப் பக்கத்துக் குளத்துக்காரனின் கையில் கொடுத்துவிடுங்கள். தீன் தட்டைப் பார்க்கும் உரிமையையும் அவனுக்கே கொடுங்கள். உங்கள் மதகில் அவன் வந்து கட்டட்டும். வேறு தொழிலென்றால் அந்தத் தொழிலில் துணி எது என்று கண்டுபிடித்து, அதை உங்களிடம் வைத்திருக்காதீர்கள்.

செல்வம் வெள்ளிக்கிழமைகளில் வட்சப்பில் குரல் அனுப்புவான், அங்கே அவனுக்கு அன்றைக்குத்தான் லீவு. போன கிழமை வந்ததை நான் பல தடவை கேட்டுவிட்டேன்.

"நானா, சுகமா? அடுத்த வருஷத்தோட முடிச்சுக்கொண்டு வரலாம் எண்டு யோசிக்கிறன். மறுபடி குளம் எடுப்பம், ஒங்களுக்குப் பக்கத்துலயே. கால்வாய்த் தண்ணி இப்ப எப்பிடி? நீங்க நல்லம் எண்டு சொன்னாத்தான் வருவன்."

இதை எழுதி முடித்துவிட்டுப் பதில் போடலாம் என்று இருந்தேன். எழுதி முடித்துவிட்டேன்.