ஆண்டியப்பன் வரைந்த மூக்கு

"தாடைய இன்னுங் கொஞ்சம் தூக்குங்க... ஆ, அப்பிடியே. மூச்சு விடாதீங்க."

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக் குடியிருப்புக்குத் திரும்பும் பெண்ணை ஆண்டியப்பன் வழியிலேயே மறித்துவிட்டார். மழையில் ஊறி, அட்டைக் கடியோடு பசியில் வருகிறவள் அவள். "அட போண்ணே, அடுப்பு மூட்டணும்!" என்று வைதுகொண்டே நடக்கிறாள். இவர் அசைவதாயில்லை. அவள் பனிக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்தின் பெயரை மையால் பதிப்பது இவர் தொழில். உடைந்த பெட்டிப் பலகையில்தான் படம் வரைகிறார். தூரிகை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதே தோட்டத்துப் பள்ளி வாத்தியாரான நான், "எங்களிடம் ஓர் ஓவியர் இருக்கிறார்" என்று போகிற இடமெல்லாம் பீற்றித் திரிந்தேன். என் தலையெழுத்து, வேறென்ன?

"கண்ணுல கண்டதத்தான் வரைவேன்." இதுதான் அவருடைய வேதம். பெரிய கங்காணி, செத்துப்போன தன் தாயை அட்டியல் போட்டு வரைந்து தரச் சொன்னார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தம்மாளை, தான் உயிரோடு கண்டபடியே, இடுப்பில் படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக மலையில் நிறுத்திவிட்டார். கழுத்தில் ஓர் அட்டியல் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கத்தினேன்.

"அட்டியலு போட்டா அது வேற யாரோட ஆத்தாவோ ஆயிருமுங்க, வாத்தியாரய்யா."

பதிலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. கங்காணி படத்தையும் திருப்பியனுப்பினார், என்னோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

ஆண்டியப்பன் மனைவி அம்மாக்கண்ணு. அவளிடமிருந்த ஒரே பொன் மூக்குத்திதான். அதை விற்று வண்ணம் வாங்கினார் மனிதர். "இந்தா மீட்டுத் தாரேன்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். விற்றதை எங்கே போய் மீட்பது? துளை தூர்ந்துவிடாமலிருக்க, விளக்குமாற்று ஈர்க்கில் துண்டு கிள்ளி மூக்கில் செருகியிருக்கிறாள். லயத்தில் பல பெண்கள் அப்படித்தான். யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. இவர் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் வரைந்தும் வைத்தார்.

போன மாதம் அட்டன் நகரில் தொழிற்சங்க மண்டபமொன்றைக் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி, இவர் படங்களை வைத்தேன். அம்மாக்கண்ணு கூறைச்சேலை உடுத்தி, லயத்துப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். "எம் படமும் இருக்காம்" என்று வாசலிலேயே எல்லோருக்கும் சொன்னாள்.

அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். தோட்டக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கனகலிங்கம், "இஞ்ச, அந்த மூக்கிலை கிடக்கிற ஈர்க்கைப் பாருங்கோ! என்ன தத்ரூபம்!" என்று விரல் நீட்டிக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அம்மாக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எம் மூக்குத்தியையும் வித்துப்புட்டு, எம் மூக்கு மூளியா கெடக்குறத ஊரு சிரிக்கக் காட்டுறீங்களா?"

நான் அவர் காதைக் கடித்தேன். "மூக்குத்தியாக ஒரு பொட்டு மஞ்சள் வண்ணம் வையுமய்யா! ஒரே ஒரு பொட்டு. அவள் மானம் போகிறது!"

"இல்லாதத எப்பிடிங்க வைக்கிறது?" என்று தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்! பலகையோடு சேர்த்து ஆளையும் ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது எனக்கு.

அம்மாக்கண்ணு மூக்கிலிருந்த ஈர்க்கைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டாள்.

"இந்தாங்க, இப்ப இதுவும் இல்ல. தொளை தூந்து போகட்டும். கண்ணுல கண்டதத்தான வரைவீங்க? நல்லாப் பாத்து வரைங்க."

சொல்லிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தாடையைத் தூக்கி, மூச்சு விடாமல் நின்றாள்.

ஆண்டியப்பன் நிமிரவில்லை. குனிந்தபடியே, வண்ணம் தொடாத தூரிகையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.