குடை மறைத்த படம்: காஞ்சி கருட சேவைக்குப் போய் வந்தது

எழுத இருப்பவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வழி தவறிவிடுவேன்.

1. ஏன், எப்போது போனேன்
2. கருட சேவைக்கு எங்கே நிற்பது
3. கைப்பேசியில் தன் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பவருக்கு அகத்தின் அழகு வாய்க்காது என்பது
4. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சென்ற வைகாசியில் போனேன். தினமும் காலையில் பேத்தி காட்டும் படங்களில் எல்லாரும் கோயில் வாசலில் சாமிக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அது மனத்தை உறுத்தியது. யாருக்கும் எதையும் காட்டாமல் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து சின்னக் காஞ்சிக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். அதிகமோ என்னவோ, பேரம் பேச எனக்கு வராது. சன்னிதித் தெருப் பக்கம் அறை எடுத்தேன், தொள்ளாயிரம்.

விடியற்காலை நான்கரைக்கு மேற்குக் கோபுர வாசலில் இடம் பிடித்தேன். தெருவெல்லாம் ஈரக் கோலம். துளசி, கற்பூரம், ஈரப் பட்டு எல்லாம் கலந்த ஒரு வாசனை. தூரத்து நாதஸ்வரம் நெருங்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியவில்லை. விழித்திருக்கிறேனா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

எனக்கு முன்னால் ஓர் இளம் பெண், கூடவே கணவர். மாம்பழ நிறப் பட்டு, முழு அலங்காரம். கைப்பேசியில் முகத்தைப் பார்ப்பதும், பொட்டைச் சரி செய்வதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். மூன்றாவது கருத்து அங்கேதான் என் மனத்தில் உருவானது.

சட்டென்று திரும்பினாள். "அய்யா, வாகனம் வெளிய வர்றப்ப என்னையும் பெருமாளையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கிறீங்களா? இவுரு எடுத்தா என் காதுதான் வரும்."

"பெருமாள இந்தாண்ட தள்ளி நிக்கச் சொல்லுமா, நான் இன்னா பண்றது?" என்றார் கணவர்.

எனக்கு மறுக்கத் தெரியாது. தயங்கித் தயங்கி, "முதலில் கண்ணால் சேவித்துவிடலாமே அம்மா?" என்றேன்.

"நான் பாத்துக்கினா எங்கப்பா பாத்தா மாதிரி ஆவுமாய்யா?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. அப்பா தென்னேரியில் விவசாயி. இவள் தானாகக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, இரண்டு வருடமாகப் பேச்சில்லை. "போன் அடிச்சா எடுக்க மாட்டாரு. ஆனா ஸ்டேட்டஸ் வெச்சா பாத்துடுவாரு, பேரு காட்டுமே. அதுக்குதான் நல்லா உடுத்திக்கினு, சிரிச்சிக்கினு வெப்பேன். பொண்ணு நல்லாக்கீதுன்னு தெரியணும்ல. இப்ப நாலு மாசமா அதுவும் பாக்கறதில்ல. கோவமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு யாரைக் கேக்கறது? சின்னதுல இதே வாசல்ல என்னைத் தோள்மேல ஏத்தி காட்டுவாரு. இன்னிக்காச்சும் பாப்பாரு."

கைப்பேசியை வாங்கிக்கொண்டேன்.

கோபுரத்தின் இருளிலிருந்து கருடன் மிதந்து வந்தான். மேலே பெருமாள், மாலைகளுக்கு நடுவில். கூட்டம் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. அவள் முகம் நடுவில் வரும்படி பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். படத்தில் அவள் இருந்தாள். பின்னால் வெள்ளைக் குடை மட்டும் இருந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வர முடியாமல் சோளிங்கரில் தவித்த ஓர் அடியவருக்குப் பெருமாள் அங்கேயே காட்சி தந்தார் என்பார்கள். அதற்காக வாசலில் சில நொடிகள் அவரைக் குடையால் மறைப்பார்கள். படித்துவிட்டுத்தான் வந்தேன், அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். குடை விலகியபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கருடனின் முதுகும் ஆடும் மாலையும்தான் தெரிந்தன.

"மறைக்கிற டைம் பாத்து கரெக்டா அமுக்கிட்டாருபா!" என்றார் கணவர்.

"சும்மா இருய்யா. நான் இருக்கேன்ல, போதும்" என்று அவள் அதையே ஸ்டேட்டஸில் வைத்தாள்.

என்னை விடாமல் டீக்கடைக்கு அழைத்துப் போனார்கள். மூவரும் அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போன பிறகு அது ஒருமுறை ஒலித்தது. அவள் படித்தாள், மறுபடி படித்தாள், பிறகு எங்களுக்காக உரக்கப் படித்தாள்: "பெருமாளக் காணோமே."

"பேசிட்டாருமா!" என்று கணவர் எழுந்தே விட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மை கன்னம்வரை வழிந்தது. கண்ணாடிபோல் அதே கைப்பேசி கையில் இருந்தும் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. "இன்னா எழுதட்டும், இன்னா எழுதட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போகிறவர்களுக்கு: நான்கு மணிக்குள் மேற்கு வாசலுக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் கொண்டு வாருங்கள். செருப்பை அறையிலேயே விட்டுவிடுங்கள். காலை ஏழுக்கு மேல் ஆட்டோ கிடைப்பது கடினம். நான் பெரிய காஞ்சிவரை நடந்தேன்.

பெருமாளை நன்றாகச் சேவித்தேனா என்று பேத்தி கேட்டாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மை வழிந்த அந்த முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே வரிசையில் மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு.