டோரீன் அனுப்பிய பூஜ்யம்

இங்கிலாந்தின் செஷயரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டோரீன் பர்ச்சலுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அவளுக்குப் பகையாளிகள் நிறைய. நண்பன் ஒருவன்தான்: பக்கத்துப் பண்ணைக்காரன் லெஸ் தெல்வால்.

லெஸ்ஸின் வயலில், எந்தக் காலத்திலோ மண்ணெடுத்த குழி ஒன்று குட்டையாகத் தூர்ந்து கிடந்தது. பதினான்கு வருடம் முன்பு இருவருமாக மரங்களைக் கழித்து, சேற்றை வாரி, தண்ணீரில் வெயில் விழ வைத்தார்கள். மறு வசந்தமே கொண்டை நியூட் குடிவந்தது. தவளைக்குச் சொந்தம், பல்லி உருவம், ஆரஞ்சு வயிறு. சட்டம் அதன்மேல் விரல்கூட வைக்க விடாது. அது வாழும் குளத்தைத் தூர்த்து வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. அனுமதி வாங்கி ஆண்டுதோறும் கணக்கெடுத்து வனவிலங்கு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புகிறவள் டோரீன்.

போன வருடமே குறைவு. இந்த வருடம் ஒன்றுமே இல்லை. நியூட் பிடிக்க ராத்திரி குளத்தில் போட்ட பாட்டில் பொறிகளைக் காலையில் தூக்கிப் பார்த்தால் உள்ளே கெண்டைக் குஞ்சுகள். கெண்டை புகுந்த குளத்தில் நியூட் குஞ்சுக்குப் பிழைப்பு ஏது?

"எந்தப் பாவியோ மீனக் கொண்டாந்து கொட்டியிருக்கான், லெஸ்."

"ஊர்ப் பசங்க வேலையா இருக்கும். மனச விடாத. காகிதத்த அனுப்பிட்டியா?"

காகிதத்தைப் பற்றி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கறை என்று நினைத்தாளே, அவளை என்ன சொல்வது! 'நியூட்: பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஜூன் பிறந்ததும் வயல் கதவில் அறிவிப்புத் தொங்கியது. அங்கே நாற்பது வீடுகள் கட்ட விண்ணப்பம். குளத்தைத் தூர்க்க ஆதாரமாக இணைத்திருந்தது அவளுடைய பூஜ்யம்.

லெஸ் கொட்டகையில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மீன விட்டது நீதானே?"

அவன் குழாயை மூடினான்.

"ரெண்டு வருஷமாச்சு. இடுப்பு போச்சு டோரீன், மாடு கட்டுப்படியாகல. வேற எவன் பூஜ்யம்னு எழுதினாலும் ஆபீஸ்ல ஆள் அனுப்பிப் பாப்பாங்க. நீ எழுதினா மறுபேச்சே கிடையாது."

"போன வருஷம் நான் கரையில உக்காந்து அழுதப்ப டீ ஊத்திக் குடுத்தியேடா!"

"உன்னப் பொய் எழுதச் சொன்னேனா நான்?"

சொல்லவில்லைதான். அதுதான் அவளைச் சுட்டது. பொய் கேட்டிருந்தால் முகத்தில் காறித் துப்பியிருப்பாள். அவனுக்கு வேண்டியிருந்தது அவளுடைய உண்மை.

நேரே குளத்துக்குப் போனாள். எதிர்க்கரையில் முட்செடி மண்டிய மூலை. "அங்க புதைசேறு, போயிடாத" என்று இரண்டு வருடமாக லெஸ் தடுத்து வைத்த இடம். இறங்கினாள். முழங்கால் தண்ணீர்தான். பாசி அடர்ந்து கிடந்ததில் மீன் நுழைய வழியில்லை. பெண் நியூட் ஒவ்வொரு முட்டையையும் ஓர் இலைக்குள் மடித்து ஒட்டிவிட்டுப் போகும். முள் கிழித்த கையோடு மடிந்த இலை ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிரித்தாள்.

வெண்மஞ்சளாக ஒரு முட்டை.

படமெடுத்தாள். சிரிப்பு வந்தது. வருடா வருடம் முதல் முட்டையைக் கண்டதும் முதலில் லெஸ்ஸைத்தான் கூப்பிடுவாள். விரலுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு அவன் எண்ணை அழுத்திவிட்டது.

"கிடைச்சிடுச்சு லெஸ்!" என்று கத்திய பிறகுதான் உறைத்தது.

ஒவ்வொரு வருடமும் கேட்கிற அதே குரலில் அவன் கேட்டான்.

"எந்த மூலையில?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். அலுவலகத்தைக் கூப்பிட்டு உடனே ஆள் அனுப்பச் சொன்னாள். அவர்கள் வந்து சேரும்வரை அந்த இலைக்குக் காவலாக நின்றாள், தண்ணீரைவிட்டு ஏறவில்லை.