குதிரை ராட்டினத்திலிருந்து தெரிந்த கடை

கொடைக்கானலில் எங்கள் பூங்காவில் முதலில் ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் இருந்தன. பிறகுதான் குதிரை ராட்டினம் வந்தது. அதற்கு எதிரே அவித்த சோளம் விற்றுத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு யார் ஏறுவது?

போன வருடம் பூங்காவை மூடிவிட்டார்கள். ராட்டினத்தை வாங்கிய பழநி இரும்புக்கடை பாய், அதை அறுத்து லாரியில் ஏற்ற ஆட்களோடு வந்தார். என்னிடம் சோளம் வாங்கித் தின்றபடியே கேட்டார்.

“அக்கா, இதுல எந்தக் குதிரை சொகமா இருக்கும்?”

“நான் ஏறுனதே இல்ல பாய்.”

அவர் சோளத்தைக் கீழே வைத்துவிட்டார். “ஏலே, அறுக்குறத நிப்பாட்டுங்க. அக்கா, வெரசா ஏறுங்க. பனி எறங்குறதுக்குள்ள நாங்க மலையெறங்கணும்.”

கூச்சமாக இருந்தாலும் வெள்ளைக் குதிரையில் ஏறிவிட்டேன். கரண்ட் இல்லாததால் அவரும் ஆட்களும் கையால் தள்ளினார்கள். மரங்கள் சுற்றின. ஆவி பறக்கும் பானையோடு என் கடை வந்தது, போனது, மறுபடி வந்தது. கடையில் ஆளே இல்லை. ஆனாலும் அது எதிரே வரும்போதெல்லாம் என் கை தானாக எழுந்து ஆடியது.

அந்தக் குதிரைகளிலிருந்து பிள்ளைகள் கையாட்டியதெல்லாம் எனக்குப் பின்னால் நின்ற பெற்றோருக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் பதிலுக்குக் கையாட்டியதே இல்லை.

இப்போது ஏரிக்கரையில் கடை போட்டிருக்கிறேன். சைக்கிளில் போகும் பிள்ளை கையாட்டினால், யாருக்கு என்று திரும்பிப் பார்ப்பதில்லை. சோளம் எடுக்கும் இடுக்கியோடு நானும் கையாட்டிவிடுகிறேன்.